கருப்புக் கட்டத்துக்குள் என் படம்

லிபிட்சா,
டிசம்பர் 9

மதிப்புக்கும் கோபத்துக்கும் உரிய அக்கா ராத்காவுக்கு, உன் ஒரே தம்பி வெலின் உயிரோடு இருந்து எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். மற்றவர்கள் கடிதத்தில் இந்த வரி வழக்கத்துக்காக வரும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். நீ தாண்டாதே. இரண்டு முறை படி. மூச்சு விடுகிறேன். காலையில் ஜாடியில் போட்ட குடைமிளகாயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் தின்றேன். வலது முட்டி வலிக்கிறது. போன வருஷத்தைவிட நாலு கிலோ ஏறியிருக்கிறேன், செத்தவனுக்கு எடை ஏறாது. அங்கே நீயும் அத்தானும் உன் கம்பளி நூல் கடையும் நலமா என்று அறிய ஆவல்தான், ஆனால் பதினோரு நாளாக நீ போனை எடுக்காததால் அறிய வழியில்லை. கடைசியாக உன் குரலைக் கேட்டது நீ ஸ்லிவென் பஸ் நிலையத்தில் நின்றபோது. நான் "ஹலோ, அக்கா" என்றேன். நீ "நாயே" என்று ஒரே ஒரு சொல், அதோடு வைத்துவிட்டாய். ஆகவே தாளில் எழுதுகிறேன். தாளை நீ கிழிக்கலாம். ஆனால் படிக்காமல் கிழிக்க மாட்டாய், சின்ன வயதில் எனக்கு வந்த கடிதத்தைக்கூட முதலில் பிரித்துப் படித்தவள் நீதானே.

நடந்ததில் என் தப்பு ஒன்றுமில்லை என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டுமானால் வருஷத் தொடக்கத்திலிருந்து சொல்லியாக வேண்டும். எங்கள் வாசகசாலையின் 'லாந்தர்' நாடகக் குழு உனக்குத் தெரியும். கால்நடை மருத்துவனாகிய நான் அதில் இயக்குநர், செயலாளர், நாடகாசிரியர், கதாநாயகன். தபால் நிலையத்துப் பாவ்லினா கதாநாயகி. ஓய்வுபெற்ற நர்ஸ் கென்கா அம்மா, சின்ன வயதில் எனக்கு ஊசி போட்டவர், மேடைக்கு முன்னால் பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவர். மற்ற நடிகர்கள் வருவார்கள், கல்யாணம் ஆகும், போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் நகராட்சிக்கு 'ஆண்டுப் படைப்புப் பணி அறிக்கை' என்று ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதை எழுதுவதும் நான்தான். என் நாடகங்களைவிட அந்த அறிக்கைகளில் கற்பனை அதிகம் என்பார்கள். பொறாமை.

உதாரணத்துக்கு, பிப்ரவரி மாதம். அறிக்கையில் 'பொம்மலாட்டத்தில் துணிச்சலான பரிசோதனை' என்று எழுதியிருக்கிறேன். நடந்தது என்னவென்றால், பொம்மைகளின் தலைகளைக் காகிதமும் மாவுப் பசையும் கலந்து நானே செய்தேன், கொஞ்சம் தாராளமாகவே மாவு போட்டேன், ராத்திரி எலிகள் வந்து சாப்பிட்டுவிட்டன. காலையில் பார்த்தால் அரசன், அரசி, மந்திரி யாருக்கும் தலையில்லை. ராட்சசன் மட்டும் தலையோடு இருந்தான், அவனுக்கு நான் வீட்டுக் கதவுக்கு வாங்கிய பெயின்ட்டை அடித்திருந்தேன். நாற்காலியில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, என்ன செய்வது, நடத்தினோம். தலையில்லாத மூன்று பேரை எதிர்த்துத் தலையுள்ள ஒருவன் தனியாகப் போராடுவதைப் பார்த்த பிள்ளைகள் கடைசியில் எழுந்து நின்று ராட்சசனுக்கு ஜே போட்டார்கள். பார்வையாளர் இருபத்திரண்டு பேர், நவம்பர் வரைக்கும் வருஷத்தின் உச்சம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் 'திறந்தவெளி அரங்கு. கிராம வாழ்வோடு நேரடி உறவு'. அதாவது சதுக்கத்தில் நாடகம், அதில் நிஜ ஆடு. "ஆடு தொந்தரவு பண்ணாதா டாக்டர்?" என்று பாவ்லினா கேட்டாள். "இந்த ஆட்டை நானே பரிசோதிச்சிருக்கேன், சாது" என்றேன். சாதுதான். சினையாக இருந்ததைத்தான் கவனிக்கவில்லை, முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவன் இதை வெளியே சொல்லக் கூடாது, உன்னோடு இருக்கட்டும். இரண்டாம் அங்கத்தில், அரசனாகிய நான் நாட்டைத் துறக்கும் இடத்தில், ஆடு படுத்துக்கொண்டது. நான் துறந்துகொண்டே இருக்கிறேன், பெட்டிக்குள்ளிருந்து கென்கா அம்மா, "டேய் வெலின், வசனத்த விடுடா, கால் வருது பாரு, பிடிச்சு இழு!" என்று கத்தினார். அன்று கைதட்டல் வாங்கியது அந்த ஒரு வசனம்தான். கிரீடத்தோடு மண்டியிட்டுப் பிரசவம் பார்த்தேன். பார்வையாளர் பதினொரு பேர். அறிக்கையில் பதிமூன்று என்று எழுதினேன். இரட்டைக் குட்டி.

ஆகஸ்டில் ஆறு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விடக் கூடாது, விடக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே காதல் காட்சியில் நடித்தேன், பாவ்லினா, "ஏன் கூரையையே பார்க்கறீங்க, மூஞ்சியப் பாருங்க" என்று பல்லைக் கடித்தாள். மழை விட்டது. நாலு பேரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபரில் துணை மேயர் கிராஸ்தெவ் வாசகசாலைக்கு வந்தார். கதவருகே நின்று கூடத்தை நீளவாக்கில் காலால் அளந்தார். நாடகம் பார்க்க வருகிறவர்கள் கூடத்தை அளப்பதில்லை.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கலைக்கு நான் எதிரி இல்ல. ஆனா நூத்தம்பது நாற்காலிக்கு ஆறு பேர்னா, அது நாடகமா, வெயிட்டிங் ரூமா?"

"இந்த வருஷம் கொஞ்சம்..."

"என் மச்சானுக்கு டைல்ஸ் வைக்க இடம் வேணும். டைல்ஸ் எப்பவும் நிறைஞ்சு இருக்கும். சரி, உங்களுக்காக ஒண்ணு செய்யறேன். நவம்பர் கடைசி நாடகத்துக்கு எண்பது பேர் வரட்டும். கடைசி அங்கம் வரைக்கும் உட்காரணும், முடியும்போதுதான் தலைய எண்ணுவோம். எண்பது இருந்தா கூடம் உங்களுது. இல்லேன்னா சாவிய மேசை மேல வெச்சுட்டுப் போயிடுங்க."

அக்கா, எனக்கு என்ன இருக்கிறது? மனைவி என்று இருந்த ஸ்னெஜானா விட்டுப் போய் ஒன்பது வருஷமாகிறது. பகல் முழுக்கப் பன்றிகளோடு பேசுகிறேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம் அந்தக் கூடத்தில் விளக்கைப் போட்டால்தான் நானும் ஒரு ஆள் என்று தோன்றுகிறது. ஆகவே உட்கார்ந்து 'மாப்பிள்ளையின் கட்டிலில் ஆடு' என்று மூன்று அங்க நகைச்சுவை நாடகம் எழுதினேன். (ஆட்டை இந்த முறை பாவ்லினாவின் மைத்துனர் தோல் போர்த்தி நடித்தார். அனுபவம்.) சுவரொட்டி அடித்து ஊர் முழுக்க ஒட்டினேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் நானே நின்று பார்த்தேன். என் சுவரொட்டிக்குப் பக்கத்தில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இறந்து ஆறு மாசம் ஆனதற்கான கருப்புக் கட்டத் தாள். கொட்டும் மழையில் மூன்று பெண்கள் குடையை மடக்கிவிட்டு அதைப் படிக்கிறார்கள்.

"இவரு யாரு?"

"தெரியல. ஆனா பாவம், மூஞ்சியப் பாரு."

பாவப்பட்டு முடித்ததும் அதில் ஒருத்தி என் சுவரொட்டியைக் கிழித்து அதில் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினாள். நம் ஊர் இப்படித்தான். வாசற்கதவு, மரம், மின்கம்பம் எல்லாவற்றிலும் செத்தவர் படம். அதைப் படிக்காமல் ஒருவரும் ரொட்டி வாங்கப் போவதில்லை. அதிலும் படம், பேர், நேரம், இடம் இவ்வளவுதான் படிப்பார்கள், மீதியைப் படிப்பதில்லை.

மறுநாள் புது சுவரொட்டி அடிக்க மின்கோவின் அச்சகத்துக்குப் போனேன். இந்த மின்கோதான் அக்கா, இந்த மின்கோதான் எல்லாவற்றுக்கும் காரணம், அதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். பத்து வருஷமாக அவன் இறப்பு அறிவிப்பைத் தவிர வேறொன்றும் அச்சடித்ததில்லை, அவன் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே அச்சு. என் படம் ஒன்று கொடுத்தேன், மருத்துவ உரிமத்துக்காக எடுத்தது, கோட்டு போட்டு, உதட்டை இறுக்கி. பேர், நாடகத்தின் பேர், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, வாசகசாலைக் கூடம். எழுதிக் கொடுத்துவிட்டு மலை மேய்ச்சலுக்குப் போய்விட்டேன், அங்கே ஆடுகளுக்குக் கால் நோய். இரண்டு நாள். அங்கே சிக்னல் கிடையாது. மின்கோ என்ன செய்தான்? வழக்கமான கட்டத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டி, புதன்கிழமை மத்தியானம் ஊர் முழுக்க ஒட்டிவிட்டான். விரல் தடிமன் கருப்புக் கட்டம். நடுவில் நான். 'மூன்று அங்க நகைச்சுவை' என்று கீழே இருக்கத்தான் இருந்தது. மேலே சிலுவை போடாமல் விட்டது அவனுடைய கலை ரசனை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மலையிலிருந்து இறங்கி, நேராகக் கூடத்தின் பின்வாசல் வழியாகப் போய் வேஷம் போட உட்கார்ந்தேன். முதல் காட்சியில் மாப்பிள்ளை தூங்கி எழுகிறான், ஆகவே வெள்ளை நீள அங்கி, முகம் முழுக்கப் பவுடர். பாதி பவுடர் பூசியிருக்கும்போது பாவ்லினாவும் கென்கா அம்மாவும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேரும் கருப்பு உடை. பாவ்லினா என்னைப் பார்த்து வீல் என்று கத்தினாள், அப்புறம் கிட்டே வந்து ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"ஐயோ, சூடா இருக்காரு!"

"எதுக்குடி அடிக்கற?"

"நீங்க செத்துட்டீங்க! ரெண்டு நாளா தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப்பெல்லாம் நனைச்சு நனைச்சு அழுதிருக்கேன்!"

கென்கா அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "எழுபத்தெட்டு. கொஞ்சம் படபடப்பு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"டேய், நிறைஞ்சிருக்குடா."

நானும் பார்த்தேன். நூற்று நாற்பது பேராவது இருக்கும். எல்லாரும் கருப்பு. எல்லார் கையிலும் கார்னேஷன் பூ, இரண்டு, நாலு, ஆறு. உயிரோடிருப்பவனுக்கு ஒற்றைப்படை, போனவனுக்கு இரட்டைப்படை, இதில் மட்டும் நம் ஊரில் ஒருவரும் தப்பு செய்ய மாட்டார்கள். பிளாஸ்டிக் கோப்பைகளில், சாவுக்குக் கொடுக்கிற சர்க்கரை தூவிய அவித்த கோதுமை கைமாறிப் போகிறது. ராக்கியா சாராயத்தைக் குடிப்பதற்கு முன் என் ஆத்மாவுக்காக ஒரு சொட்டைத் தரையில் ஊற்றுகிறார்கள், நான் கையால் மெழுகு போட்ட தரை. ஏழு வருஷமாக இந்தக் கூடம் இப்படி நிறைந்து நான் பார்த்ததில்லை. என் கண் கலங்கியது. யாருக்காக என்று தெரியவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது அப்படியே கேட்டது.

"நல்ல மனுஷன். என் பசுவ ரெண்டு தடவ காப்பாத்திக் குடுத்தாரு."

"நாடகமெல்லாம்கூட போடுவாரே."

"அது எதுக்கு இப்ப. போயிட்டவங்களப் பத்திப் பேசக் கூடாது."

இன்னொருத்தி, "படத்துல எவ்வளவு அமைதியா இருக்காரு பாரேன். உயிரோட இருந்தப்ப ஒரு நிமிஷம் இப்படி வாய மூடி நான் பார்த்ததில்ல" என்றாள்.

அப்புறம் கிராஸ்தெவ் எழுந்தார். கையில் பெரிய மலர்வளையம். "வெலின் இல்லாத இந்தக் கூடம் வெறும் நாலு சுவர்தான்" என்றார். மூக்கை உறிஞ்சினார். "ஆனா அவன் ஆத்மா மேல சத்தியம் பண்றேன், நான் இருக்கற வரைக்கும் இந்தச் சுவருக்குள்ள ஒரு டைல்ஸ்கூட நுழையாது." நான் திரையிலிருந்து திரும்பினேன். "அம்மா, அப்படியே பின்வாசல் வழியா போயிடவா? செத்தவனாவே இருந்துட்டா கூடம் பிழைச்சுக்கும்" என்று கென்கா அம்மாவிடம் கேட்டேன். "ஏழு வருஷமா காலி நாற்காலிக்கு வசனம் எடுத்துக்குடுத்துட்டேன். இன்னிக்கு ஆள் இருக்கு. பொணமாவாவது போய் நடி" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் இறங்கிவிட்டார்.

திரை திறந்தது. வெள்ளை அங்கி, வெள்ளை முகம், கட்டிலில் நான். சவப்பெட்டிக்குப் பதில் கட்டில் வைத்திருப்பதை நாசூக்கு என்று சிலர் நினைத்தார்களாம். எழுந்து உட்கார்ந்தேன். வசனம் மறந்துவிட்டது. வசனத்தை எடுத்துக்கொடுக்கிறேன் என்று கென்கா அம்மா ஊரே கேட்கும்படி, "நான் எழுந்துட்டேன்! விருந்து எங்கே?" என்றார். "நான் எழுந்துட்டேன். விருந்து எங்கே?" என்றேன்.

முன்வரிசையில் பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார், இரண்டு பேர் நாற்காலியோடு சாய்ந்தார்கள், எங்கேயோ கோதுமைக் கோப்பை ஒன்று விழுந்து உருண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார்.

"டாக்டர், நீங்க சாகலையா?"

"இல்லைங்க."

"அப்ப நாளைக்கு வருவீங்களா? ரெண்டு நாளா என் பன்னி எதுவும் திங்க மாட்டேங்குது."

அதோடு கூடம் கலைந்தது. "எங்கள என்னன்னு நெனச்சான்?" "அழுத அழுகைக்கு ஒரு மரியாதை வேண்டாம்?" என்று ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டினார்கள். கிராஸ்தெவ் மலர்வளையத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் சத்தியம் பண்ணினது செத்தவனுக்கு, இவனுக்கு இல்ல. எண்பதுன்னா எண்பதுதான்" என்றார். நான் மேடையில் அங்கியோடு நின்றேன். ஐம்பத்து மூன்று வயசு. ஊரே என்னை விட்டுப் போகிறது, அதுவும் என் சாவுக்கு வந்துவிட்டு.

அப்போது கென்கா அம்மா பெட்டியிலிருந்து மேலே ஏறினார். அவரை முகத்தோடு அந்த மேடையில் ஒருவரும் பார்த்ததில்லை. "எங்க போறீங்க?" என்றார். "செத்துட்டான்னதும் நூறு பேர் ஓடி வந்தீங்க. பிழைச்சிருக்கான்னதும் போறீங்களா? உங்க முக்கால்வாசிப் பேருக்கு ஊசி போட்டவ நான். யாரு எப்படி அழுதீங்கன்னு இப்ப சொல்லவா?"

வாசல்வரை போனவர்கள் நின்றார்கள். சுமார் அறுபது பேர் போயேவிட்டார்கள், உன்னிடம் மறைக்கவில்லை. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், மழையில் குடை மடக்கிப் படித்தவளேதான், தன் கையிலிருந்த நாலு பூவையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பூவை உருவித் தன் புருஷன் சட்டைப் பையில் சொருகிவிட்டு, மீதி மூன்றோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், அவரும் ஒன்றை உருவினார். அப்புறம் எல்லா வரிசையிலும் அதே சத்தம், சரக் சரக் என்று. இரண்டு இருந்த இடத்தில் ஒன்று, ஆறு இருந்த இடத்தில் ஐந்து. உருவின பூக்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் காதில், தொப்பியில், கோதுமைக் கோப்பையில் என்று வைத்துக்கொண்டார்கள். வளையத்திலிருந்து பூவை உருவ முடியாமல் கிராஸ்தெவ் மட்டும் கொஞ்ச நேரம் தவித்தார். அக்கா, முப்பது வருஷ நாடகத்தில் நான் இதைப் போல ஒரு காட்சியை எழுதியதில்லை. எழுதவும் வராது.

நாடகம் நடந்தது. சிரித்தார்கள். மூன்றாம் அங்கத்தில் நான் பாடும்போது சிலர் உண்மையாகவே அழுதார்கள், காரணம் கேட்கவில்லை. முடிந்ததும் நகராட்சி எழுத்தர் எண்ணினார். எண்பது. மறுபடி எண்ணினார். எண்பத்தொன்று, தூங்கிக்கொண்டிருந்த பாதிரியாரை முதலில் விட்டுவிட்டார். கிராஸ்தெவ், நான் செத்த சேதி வந்ததும் வாங்கி வைத்திருந்த கூடத்துச் சாவியை என் கையில் அழுத்திவிட்டு, "அடுத்த தடவ நிஜமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க" என்றார்.

அதற்கப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தேழு அழைப்புகள், எல்லாம் உன்னுடையது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இங்கிருக்கும் உன் சிநேகிதி பென்கா உனக்கு அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பியதும், நீ கடையைச் சாத்தி, வளையம் வாங்கி, கருப்பு முக்காடு போட்டு, புர்காஸில் பஸ் ஏறியதும் எனக்கு எப்படித் தெரியும்? நான் கூப்பிட்டபோது நீ பாதி வழி வந்திருந்தாய். மறுநாள் காலை வளையம் மட்டும் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கியது. ஓட்டுநர் சொன்னார்: "ஸ்லிவென்ல இறங்கின அம்மா குடுத்தாங்க. பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்க. அவங்க நேர்ல வர்ற அன்னிக்கு உங்களுக்குத் தேவைப்படுமாம்."

ஆகவே அக்கா, முழுக் குற்றமும் மின்கோவுடையது, நான் மலையில் இருந்த அப்பாவி. இதோடு நாடகத்தை விட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தாகிவிட்டது. இனி நானும் ஆடுகளும், அவ்வளவுதான். உன் கடையில் நூல் உருண்டைகள் குறைவதும் நிறைவதுமாக இருக்கட்டும், அத்தானின் இடுப்பு நிமிரட்டும், உன் கோபம் புதுவருஷத்துக்குள் ஆறட்டும், உனக்கு நூறு வயசு ஆகட்டும், அதில் கடைசி நாள் வரைக்கும் என்னைத் திட்டுவதற்குக் குரல் இருக்கட்டும்.

இப்படிக்கு, மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்,
உன் தம்பி வெலின்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது ஆவி காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மின்கோ மேல் பழி போட்டது நியாயமில்லை. "டாக்டர், இந்தக் கட்டத்த எடுத்துடறேன்" என்று அவன் இரண்டு முறை சொன்னான். "இருக்கட்டும், பார்க்க கண்ணியமா இருக்கு" என்று இரண்டு முறையும் சொன்னது நான். மலையில் சிக்னல் நன்றாகவே இருந்தது. யாராவது கேட்டால் பொய் சொல்ல வேண்டிவருமே என்று போனை அணைத்து வைத்ததும் நான்தான். எண்பது பேர் வருவார்களா என்று மட்டும்தான் யோசித்தேன். நீ கருப்பு முக்காட்டோடு பஸ் ஏறுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'நாயே' என்பது குறைவு. ராஜினாமாவைப் பொறுத்தவரை, செயலாளர் நான்தான், ஏற்றுக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் அடுத்த நாடகம். முதல் வரிசை நடு நாற்காலியில் உன் வளையத்தை வைத்திருக்கிறேன், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று. ஒருவரும் கிட்டேயே போவதில்லை. வா அக்கா. திட்டுவதானாலும் வந்து திட்டு. பூ கொண்டு வருவதானால், எண்ணிக் கொண்டு வா.